அம்மாவோட கோழிக் கணக்கை ஆடிட் பண்ணேன்: பதினாலு சேவல்ல எதை வச்சுக்கணும்?

வழக்கமா இந்தப் பக்கத்துல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், ஃபார்ம் 16னு பேசுவோம். இன்னைக்குச் சேவல். சிரிக்காதீங்க. நான் சி.ஏ. ஆன பிறகு பண்ணின மோசமான முதலீட்டு முடிவு எதுன்னு கேட்டா, ஷேரோ கிரிப்டோவோ கிடையாது. எங்க வீட்டுப் பின்னாடி ஒரு சேவலைத் தேர்ந்தெடுத்ததுதான். நஷ்டம் எனக்கு வரல, என் அம்மாவுக்கு வந்துச்சு. அதனாலதான் இதை எழுதுறேன்.

எங்க ஊர் கன்னியாகுமரி மாவட்டம் சிதறால். மலைமேல 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்குற ஊர்னு நிறைய பேருக்குத் தெரியும். மலைக்குக் கீழே ரப்பர், தென்னை, வாழை. அதுக்கு நடுவுல எங்க வீடு. அப்பா போன பிறகு அம்மா தனியாத்தான் இருக்காங்க. பத்துப் பெட்டைக்கோழி, ஒரு பூவன். எங்க பக்கத்துல சேவலைப் பூவன்னு சொல்லுவாங்க.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, "எதுக்கும்மா இந்தக் கோழிப் பாடு? நான் மாசம் அஞ்சாயிரம் கூட அனுப்புறேன்"னு சொன்னேன். அம்மா சொன்ன பதில் இது: "மக்களே, நீ தர்ற பைசா வேற, கோழி தர்ற பைசா வேற. இந்தப் பைசாவுக்கு நான் யாருட்டயும் கணக்கு சொல்லாண்டாம், கேட்டியா?"

அதுக்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கல.

நான் பண்ணின தப்பு

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பழைய பூவனுக்கு வயசாயிடுச்சு, இளஞ்சேவல்கள்ல ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை விக்கணும். நான் ஒரு செகண்ட் கூட யோசிக்கல. செக்கச்செவேல்னு, வால் இறகு பச்சையா மின்ன, பெரிய கொண்டையோட ஒண்ணு நின்னுச்சு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். பேரு கூட வச்சேன்: நிஃப்டி.

அம்மா பார்த்துட்டு, "பாக்கதுக்குக் கொள்ளாம்"னு மட்டும் சொன்னாங்க. அந்த வாக்கியத்துல பாதி சொல்லாம விட்டிருக்காங்கன்னு எனக்கு அப்போ புரியல.

2024 பிப்ரவரியில ஊருக்குப் போனப்போ அம்மா ஒரு பழைய நோட்டை நீட்டினாங்க. எத்தனை முட்டை அடை வச்சாங்க, எத்தனை பொரிஞ்சுது, எத்தனை குஞ்சு தேறுச்சுன்னு தேதியோட இருந்துச்சு. முன்னாடி நாலு அடையில 48 முட்டை வச்சா 40 குஞ்சு வரும். போன வருஷம் அதே 48-க்கு 27. பொரிஞ்சதுலயும் சிலது நோஞ்சான். 13 குஞ்சு குறைவு. வளர்த்து வித்தா ஒண்ணு 500 ரூபாய்னு வச்சாலும் 6,500 ரூபாய். எனக்கு அது ஒரு வீக்எண்ட் செலவு. அம்மாவுக்கு ஏழு காஸ் சிலிண்டர்.

காரணம் என்னன்னு தேடினா ரெண்டு கிடைச்சுது. ஒண்ணு, வயசாக ஆக சேவலோட கருவுறச் செய்யும் திறன் குறையும். இன்னொண்ணு பெருசு. 2023-ல முட்டைக்கு வந்த பெட்டைகள்ல பாதி நிஃப்டியோட மகள்கள். அப்பனும் மகளும் சேர்ந்தா பொறக்குற குஞ்சோட உள்ளினச் சேர்க்கை அளவு 25%. அதாவது ஒவ்வொரு மரபணு இடத்துலயும் ஒரே மூதாதைகிட்ட இருந்து வந்த ஒரே நகல் ரெண்டா சேர்றதுக்கு நாலுல ஒரு வாய்ப்பு. இது ஏற ஏற முதல்ல அடிவாங்குறது பொரிப்பும் குஞ்சுகளோட தாக்குப்பிடிக்கிற சக்தியும்தான்.

ஒரு சேவல், பாதி சொத்து

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமா பாருங்க.

பத்துப் பெட்டையில ஒண்ணு சரியில்லைன்னா, வர்ற குஞ்சுகள்ல பத்துல ஒரு பங்குதான் பாதிக்கும், அதுலயும் பாதி மரபுதான் அதோடது. சேவல் சரியில்லைன்னா பொறக்குற ஒவ்வொரு குஞ்சுலயும் பாதி சரியில்லை. மொத்தப் பணத்துல 50% ஒரே கம்பெனி ஷேர்ல போட்டு வச்சிருக்கவரை நீங்க என்ன சொல்லுவீங்க? வீட்டுல ஒரே சேவல் வச்சிருக்க எல்லாரும் அதைத்தான் பண்றோம்.

கால்நடை மரபியல்ல இதுக்கு ஒரு சின்ன ஃபார்முலா இருக்கு. ஆண் எண்ணிக்கையைப் பெண் எண்ணிக்கையால பெருக்கி, அதை நாலால பெருக்கி, மொத்த எண்ணிக்கையால வகுக்கணும். வர்ற விடைதான் உங்க கூட்டத்தோட "உண்மையான" அளவு.

- 1 சேவல், 10 பெட்டை: 40 ÷ 11 = 3.6
- 1 சேவல், 20 பெட்டை: 80 ÷ 21 = 3.8
- 2 சேவல், 10 பெட்டை: 80 ÷ 12 = 6.7
- 3 சேவல், 10 பெட்டை: 120 ÷ 13 = 9.2

பெட்டையை ரெண்டு மடங்காக்கினா 0.2 கூடுது. ஒரே ஒரு சேவல் சேர்த்தா 3 கூடுது. நான் முதல்ல பார்த்தப்போ எக்ஸெல்ல தப்பா அடிச்சுட்டேன்னுதான் நினைச்சேன்.

ஒரு எச்சரிக்கை. ரெண்டு சேவலும் ஒரே அப்பன், ஒரே தாய்க்குப் பொறந்த அண்ணன் தம்பின்னா இந்தக் கணக்கு செல்லாது. ரெண்டு லார்ஜ் கேப் ஃபண்ட் வாங்கிட்டு உள்ளே பார்த்தா அதே பத்துக் கம்பெனி இருக்குற கதைதான்.

சேவல் முட்டை போடாதே, அப்புறம் எதை வச்சுத் தேர்ந்தெடுக்குறது?

சில குணங்கள் பறவையைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். உடல் எடையும் வளர்ச்சி வேகமும் அப்படித்தான். நல்லா வளர்ந்த சேவலோட குஞ்சுகளும் பெரும்பாலும் நல்லா வளரும். ஆனா முட்டை எண்ணிக்கை, பொரிப்பு, குஞ்சு தேறுறது எல்லாம் ஒரு பறவையைப் பார்த்து மதிப்பிட முடியாத குணங்கள். மரபு வழியா வர்ற பங்கும் அதுல குறைவு. சேவல் கிட்ட முட்டைக் கணக்குக் கேக்கவே முடியாது. அப்போ யார்கிட்ட கேக்கணும்? அதோட தாய்கிட்டயும் அக்கா தங்கச்சிகள்கிட்டயும்.

இங்கதான் அம்மாவோட நோட்டுல ஒரு ஓட்டை இருந்துச்சு. எத்தனை பொரிஞ்சுதுன்னு இருக்கு, எந்தக் கோழியோட குஞ்சுன்னு இல்லை. அது அம்மா மனசுல மட்டும் இருந்துச்சு. ஆடிட்டர் பாஷையில சொன்னா, வவுச்சர் இல்லாத என்ட்ரி.

அதனால 2024 ஜூன், ஜூலை அடையில ஒரு மாற்றம் பண்ணோம். ஒவ்வொரு தாய்க்கும் ஒரு கலர். குஞ்சு பொரிஞ்சதும் கால்ல அந்தக் கலர்ல வளையம். கடையில கிடைக்கிற சின்ன பிளாஸ்டிக் வளையம் போதும். கேபிள் டை போட்டீங்கன்னா ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மாத்துங்க, கால் தடிக்கத் தடிக்க அது இறுக்கி வெட்டிடும்.

மூணு சுற்று தேர்வு

ஆறு மாசம் கழிச்சு மொத்தமா உக்காந்து தேர்ந்தெடுக்காதீங்க. மூணு தடவையா வடிகட்டுங்க.

*முதல் சுற்று, 8 முதல் 10 வாரம்.* கொண்டை சிவந்து, எது சேவல்னு தெளிவாத் தெரியுற நேரம். குறை உள்ளதை மட்டும் இப்போ கழிக்கணும்: கோணல் அலகு, வளைஞ்ச விரல், கூடப்பொறந்ததுங்களைவிட ரொம்பப் பின்தங்கினது, ஒருமுறை நோய் வந்து தேறாதது. இதுங்களை வளர்த்து வித்துக்கலாம், இனத்துக்கு வைக்கக் கூடாது.

*ரெண்டாம் சுற்று, 16 முதல் 20 வாரம்.* கையில தூக்கிப் பாருங்க. நெஞ்செலும்பு நேரா இருக்கா? முதுகு அகலமா, உள்ளங்கை பரப்பி வைக்கிற மாதிரி இருக்கா? ரெண்டு காலும் இடைவெளி விட்டு நேரா நிக்குதா? கண்ணு தெளிவா இருக்கா? தராசுல நிறுத்தி எழுதுங்க. ஒரே மாசம் பொரிஞ்சதுங்களைத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடணும். ஏப்ரல் குஞ்சையும் ஜூலை குஞ்சையும் பக்கத்துல நிறுத்தினா மூத்தது எப்பவும் அழகாத்தான் தெரியும்.

*மூணாம் சுற்று, 6 முதல் 7 மாசம்.* இப்போ குணம். தீனி கண்டா "கொக் கொக்"னு பெட்டைகளைக் கூப்பிட்டு விட்டுத் தான் ஒதுங்கி நிக்குற சேவல் இருக்கும். பருந்து நிழல் பட்டா குரல் குடுக்குற சேவல் இருக்கும். வீட்டுக் குழந்தை மேல பாஞ்சு முள்ளால குத்துற சேவலும் இருக்கும். கடைசியா சொன்னது எவ்வளவு எடை இருந்தாலும் வேண்டாம். "வீரமான சேவல்"னு நாம பெருமைப்படுறது பல நேரம் வெறும் தொந்தரவுதான்.

இதுக்கு ஒரு ஆய்வு இருக்கு. அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகத்துல வில்லியம் மியூர்னு ஒரு மரபியல் பேராசிரியர். தனிக் கோழியோட முட்டையை எண்ணாம, ஒண்ணா இருந்த குடும்பத்தோட மொத்த முட்டையை வச்சு இனத்தேர்வு செஞ்சார். 1996-ல அந்த முடிவு வெளியாச்சு. சில தலைமுறைகள்லயே ஒண்ணை ஒண்ணு கொத்திச் சாகடிக்கிறது பெருமளவு குறைஞ்சுது, முட்டையும் கூடுச்சு. மத்ததோட ஒத்துப்போற குணத்தையும் தேர்ந்தெடுக்க முடியும்னு அர்த்தம். ஆபீஸ்ல வேலை பார்க்குற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உபரிச் சேவலை எப்போ விக்கணும்?

கழிச்சதைக் கையிலயே வச்சிருக்குறதுதான் பெரும்பாலான வீட்டுல நடக்குற நஷ்டம். "இன்னும் கொஞ்சம் வளரட்டும்", "தீபாவளிக்கு விலை ஏறும்". அடைச்சு வளர்த்தா வளர்ந்த சேவல் நாளைக்குச் சுமார் 100 கிராம் தீவனம் தின்னும். பத்து உபரிச் சேவலை 120 நாள் கூடுதலா வச்சா 120 கிலோ. கிலோ 35 ரூபாய்னா 4,200 ரூபாய். அந்த 120 நாள்ல கூடின எடையோட விலை இதைத் தாண்டுதான்னு ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. மேயுற கோழின்னா செலவு குறையும், ஆனா சண்டையில அடிபடுறதும் கீரி தூக்குறதும் கணக்குல வரும்.

நிஃப்டியை நான் ரெண்டு வருஷம் தேவையில்லாம வச்சிருந்ததும் இதே புத்திதான். பேரு வச்சாச்சு, ஸ்டேட்டஸ் போட்டாச்சு, எப்படிக் கழிக்கிறது? நஷ்டத்துல ஓடுற ஷேரை "வாங்கின விலைக்கு வரட்டும்"னு வச்சிருக்கவங்களுக்கு நான் எத்தனை தடவை அறிவுரை சொல்லியிருப்பேன்!

சேவல் சீட்டு

சரி, வேற ரத்தம் எங்கேருந்து வரும்? சந்தையில வாங்கலாம். ஆனா அதோட தாய் யாரு, தடுப்பூசி போட்டாச்சா, எதுவும் தெரியாது. வாங்கினா மூணு நாலு வாரம் தனியா அடைச்சு வச்சுப் பார்த்த பிறகுதான் கூட்டத்துல விடணும். வெள்ளைக்கழிச்சல் வந்தா ஒரே வாரத்துல மொத்தக் கூட்டமும் போயிடும். வனராஜா மாதிரி மேம்படுத்தின ரகச் சேவலையும் யோசிச்சோம். வளர்ச்சி நல்லா இருக்கும். ஆனா அதுங்க கலப்பினம், அதே குணம் அடுத்த தலைமுறைக்கு அப்படியே வராது. அடைகாக்குற குணமும் அதுங்கள்ல குறைவு. இன்குபேட்டர் இல்லாத வீட்டுல அடைக்கோழிதான் மெஷின்.

கடைசியில வழி பக்கத்துலயே இருந்துச்சு. நாலு வீடு தள்ளி இருக்குற மாமி வீட்டுல பல வருஷமா தனிக் கூட்டம். மேலத்தெருவுல இன்னொரு வீடு. மூணு வீட்டுக்கும் ஒரு சுற்று: பெட்டைகள் எங்கேயும் போகாது. எங்க வீட்டுல பொறந்த இளஞ்சேவல் மாமி வீட்டுக்கு, அவங்களோடது மேலத்தெருவுக்கு, அவங்களோடது எங்களுக்கு. ஒவ்வொரு வருஷமும் அதே திசையில. ஒரு பைசா செலவில்லாம நெருங்கின உறவுச் சேர்க்கையைத் தள்ளிப்போடலாம். இன்னொரு நல்ல விஷயம்: உள்ளினச் சேர்க்கையில பொறந்த சேவலா இருந்தாலும், உறவே இல்லாத பெட்டையோட சேர்ந்தா அதோட குஞ்சுல அந்தக் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துடும். நான் இதுக்கு "சேவல் சீட்டு"ன்னு பேர் வச்சேன்.

இது ஒண்ணும் புது யோசனை இல்லை. எங்க ஊர்லேருந்து கொஞ்ச தூரத்துல மார்த்தாண்டம். அங்க 1920-கள்ல ஸ்பென்சர் ஹேட்ச்னு ஒரு அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பா கிராம மறுசீரமைப்பு மையம் நடத்தினார். முட்டை விற்பனைச் சங்கம், தேன் சங்கம், காளைச் சங்கம்னு ஊர்க்காரங்களே நடத்துற அமைப்புகள் அதுல உருவாச்சு. காளைச் சங்கத்தை யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல பசு வாங்கித் தர யாராலயும் முடியாது. ஆனா ஒரு நல்ல காளை இருந்தா அத்தனை வீட்டுக் கன்னுலயும் பாதி நல்லதாயிடும். மேல சொன்ன அதே கணக்குத்தான், அதை ஊரா சேர்ந்து செஞ்சிருக்காங்க.

2025 பொங்கல்

பதினாலு இளஞ்சேவல். முதல் சுற்றுல மூணு, ரெண்டாவதுல ஆறு, மூணாவதுல ரெண்டு போச்சு. மிச்சம் மூணு.

ஒண்ணு நிஃப்டியை உரிச்சு வச்ச மாதிரி சிவப்பு, எடையும் அதுதான் அதிகம். வளையம் மஞ்சள். அதோட தாய் வருஷத்துல குறைவா முட்டை போட்டது, அடையிலேருந்து பாதியில எந்திரிச்சது. ரெண்டாவது சாம்பல் நிறம், பார்த்தா நினைவுல நிக்காத முகம். வளையம் நீலம். தாய் பதினொரு குஞ்சுல பத்தைப் பருந்துக்கும் கீரிக்கும் குடுக்காம வளர்த்தது. மூணாவது ரெண்டுக்கும் நடுவுல.

மாமி வீட்டுக்கு எதை அனுப்புறது? நான் சாமர்த்தியமா சொன்னேன்: "சாம்பலை நம்ம வச்சுக்கலாம், சிவப்பை மாமிக்குக் குடுத்துரலாம். பாக்கதுக்கு நல்லா இருக்கு, சந்தோஷப்படுவாங்க."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "நீ வேண்டாம்னு சொன்னதை அவளுக்குக் குடுப்பியா? நாம கொள்ளாத பூவனைக் குடுத்தா, நமக்கு வாரதும் கொள்ளாததாத்தான் இருக்கும். அவளும் கோழிப் பைசாவுலதாம் மருந்து வாங்குகா."

பத்து வருஷமா ஆடிட் பண்றேன். அன்னைக்கு வாயைத் திறக்கல. சாம்பல் மாமி வீட்டுக்குப் போச்சு. நடுவுல இருந்தது அவசரத்துக்குன்னு தனிக் கூட்டுல நிக்குது, நம்ம எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரி. சிவப்பை வித்தோம். நிஃப்டி குழம்பாச்சு. வேக ரெண்டு மணி நேரம் ஆச்சு. நான் சாப்பிடல.

மேலத்தெருவுலேருந்து வந்த பூவனைத் தனியா வச்சுப் பார்த்துட்டு விட்டோம். விட்ட உடனே அடை வைக்கக் கூடாது. பழைய சேவலோட விந்து பெட்டைக்குள்ள ரெண்டு மூணு வாரம் வரைக்கும் உயிரோட இருக்கும். அதனால மூணு வாரம் லாக்-இன். அது வரைக்கும் வர்ற முட்டை கடைக்கு. அப்புறம் வச்ச முதல் அடையில 12-க்கு 10. ஏழாம் நாள் ராத்திரி மொபைல் டார்ச் வச்சுப் பார்த்தப்பவே நரம்பு ஓடுறது தெரிஞ்சுது. ஒரு அடையை வச்சுத் தீர்ப்பு எழுத முடியாதுன்னு எனக்குத் தெரியும். அடுத்த மூணும் வரட்டும்னு நோட்டுல கோடு போட்டு வச்சிருக்கோம்.

வரி பத்தி நாலு வரி

- கோழி வளர்ப்பு வருமானம் விவசாய வருமானத்துல சேராது. "கிராமத்து வருமானம், வரி இல்லை"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.
- சம்பளத்தோட நீங்களே இதைத் தொழிலா செஞ்சா ஐ.டி.ஆர்-1 போட முடியாது. தொழில் வருமானத்துக்கு உரிய படிவம் வேணும்.
- அம்மா அப்பாவுக்கு நீங்க பணம் குடுத்து, அவங்க வளர்த்து வர்ற வருமானம் அவங்களோடது, உங்க கணக்குல சேராது. மனைவிக்கோ கணவருக்கோ குடுத்த பணம்னா விதி வேற, சேரலாம். கேட்டுட்டுச் செய்யுங்க.
- வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்குக் கால்நடை பராமரிப்புத் துறை முகாம் நடத்துறாங்க. பக்கத்துல இருக்குற கால்நடை மருந்தகத்துல தேதி கேளுங்க. இதைவிட மலிவான இன்சூரன்ஸ் எனக்குத் தெரியாது.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ உங்க அம்மாகிட்ட, அத்தைகிட்ட அவங்க நோட்டைக் கேளுங்க. நோட்டு இல்லைன்னா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு வாங்க. கோழியோ, ஆடோ, தையலோ, எதுவா இருந்தாலும் சரி. அதை நிறுத்தச் சொல்லாதீங்க, அதுல ஓட்டை எங்கன்னு மட்டும் பாருங்க.

தாய்வாரியா குஞ்சுக் கணக்கு எழுதுற எக்ஸெல் ஷீட்டை இந்த வார வீடியோவுக்குக் கீழே போட்டிருக்கேன். அம்மா அதைத் தொடல. அவங்க இன்னமும் நோட்டுலதான் எழுதுறாங்க. இப்போ ஒரு காலம் கூடியிருக்கு: "தள்ளை யாரு".